முன்னறைக் கட்டில்

ஏழரை மணிக்கு முதல் குழந்தை வந்துவிடும். அதற்குள் மாமனாரின் முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாற்றி, தலையணையை நிமிர்த்தி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். மூன்று வருஷமாக மூத்த மருமகளான பெரியவளுக்கு இப்படித்தான் பொழுது விடிகிறது. இன்றைக்கும் எல்லாவற்றையும் செய்தாள். ஆனால் சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் போட்டாள்.

"என்ன?" என்றார் மாமனார்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, இடது கையையும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சொற்களையும் மட்டும் விட்டு வைத்திருந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. பதினோரு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. அதான்."

அவர் தலையை ஆட்டினார். மூன்று வாரமாக இந்த வீட்டில் எல்லோரும் சமையலறையில் போய்த்தான் குசுகுசுவென்று பேசுகிறார்கள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவருக்குக் கை கால்தான் விழுந்ததே தவிர காது நன்றாகவே இருக்கிறது என்பதை ஏனோ ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

குசுகுசுப்புக்குக் காரணம் ஒரு கடிதம். இந்த வீட்டு மாடிக் கூடத்தில் ஆறு வருஷமாகக் குழந்தைகள் காப்பகம் நடக்கிறது. நடத்துகிறவர்கள் வீட்டு மருமகள்களான ஓர்ப்படிகள் இருவர். சின்னவள் அதற்கென்று பயிற்சி எடுத்தவள். பாட்டு, கதை, படம் வரைதல் எல்லாம் அவள் இலாகா. ஊட்டுவது, கழுவுவது, தூங்க வைப்பது பெரியவள். ஒன்பது குழந்தைகள். எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் விட்டுச் செல்பவை.

காப்பகங்களுக்கென்று அரசு புதிதாக அமைத்த வாரியம் அந்தக் கடிதத்தில் எட்டு விதிகளை அனுப்பியிருந்தது. ஏழு விதிகளை அவர்கள் எப்படியோ முடித்துவிட்டார்கள். படி வாசலில் சின்னக் கதவு, சுவரில் தீயணைக்கும் சிலிண்டர், திறக்கக்கூடிய ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாக. எட்டாவதுதான் தொண்டையில் சிக்கிய முள். 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லங்கள் தரைத்தளத்தில் மட்டுமே இயங்க வேண்டும். இரண்டு வாசல்கள் இருத்தல் அவசியம். அறையிலோ வழியிலோ பிறர் படுக்கை இருத்தல் கூடாது.'

தரைத்தளத்தில் இருப்பது முன்னறை, அதன் பின்னால் சமையலறை, குளியலறை. முன்னறைக்குத் தெருவாசல், சமையலறைக்குப் பின்வாசல். இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே யாரோ விதியை எழுதினாற்போல் இருந்தது. ஆனால் முன்னறையில் மாமனாரின் கட்டில் கிடந்தது.

வேறு வீடு தேடாமல் இல்லை. ஐந்து வீடு பார்த்தார்கள். 'குழந்தைங்களா? சத்தம் போடுமே' என்று நாலு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது வீட்டுக்கு ஒரே வாசல். அடுத்த தெருவில் இருந்த இரண்டு காப்பகங்கள் போன வாரமே போர்டைக் கழற்றிவிட்டன. பெரிய கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதியெல்லாம் தூசு. வீட்டோடு தொழில் நடத்துகிறவர்களுக்குத்தான் கழுத்தில் கத்தி.

"அக்கா, மாமாவை மாடிக்கு மாத்திட்டா என்ன? ஒரு அறைக்காக ஒன்பது குடும்பத்தை நடுத்தெருவுல விடலாமா?" என்று சின்னவள் கேட்டபோது, இவள் மனசு என்ன கல்லா என்று பெரியவளுக்குத் தோன்றியது.

நேற்று சாயங்காலம் அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அந்தப் படியோட அகலம் தெரியுமில்ல உனக்கு?" என்றார். "அப்பாவை ஒருதரம் மேல ஏத்திட்டா, அப்புறம் நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் இறக்கணும். நான் சொல்றது புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினோரு மணி என்று சொன்ன அதிகாரியம்மா பத்தே காலுக்கே வந்து நின்றார். ஐம்பதை நெருங்குகிற வயது. ஒரு கையில் ஃபைல், மறு கையில் அளவு டேப். முன்னறை வழியாக உள்ளே வந்து, கட்டிலில் இருந்தவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, படியேறினார். ஏறும்போதே வாய்க்குள் படிகளை எண்ணினார். திருப்பத்தில் நின்று இரண்டு சுவருக்கும் நடுவே டேப்பைப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாடியில் அவரை முதலில் விசாரித்தவன் நாலு வயதுப் பையன் ஒருவன். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

"நீங்க யாரு?"

"நான் ஆபீஸர்."

"எங்க டீச்சரைத் திட்ட வந்தீங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு டேப்பு?"

அதிகாரியம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். பெரியவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நல்ல மாதிரிதான் தெரிகிறார், அவகாசம் கேட்டால் கொடுப்பார் என்று நினைத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தைக்கு நகக்கீறல் பட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

சொன்னாள்.

அதிகாரியம்மா கேட்டுக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "நான் நம்பறேம்மா. இப்ப ஒண்ணு செய்யுங்க. நான் விசில் ஊதுவேன். கீழ தெருவாசல் வரைக்கும் எல்லாக் குழந்தைங்களையும் கொண்டுபோய் நிறுத்துங்க. தீப்பிடிச்சிருக்குன்னு வெச்சுக்குங்க."

"இப்பவேவா?"

"தீ சொல்லிட்டா வரும்?"

விசில் கூடத்தையே கிழித்தது. இரண்டு குழந்தைகள் உடனே அழ ஆரம்பித்தன. சின்னவள் முன்னால் போய்ச் சின்னக் கதவைத் திறந்து, ஒவ்வொருவராகக் கைப்பிடியில் கை வைக்கச் சொல்லி இறக்கினாள். பெரியவள் எல்லோரிலும் சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மூன்றாவது படியில் ஒருத்தி, செருப்பு இல்லாமல் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். திருப்பத்தில் வக்கீல் நின்று, "எங்க தீ? நான் பாக்கணும்" என்றான். அவனைத் தள்ளவும் முடியாது, தாண்டவும் முடியாது. ஒரு கையால் அவனையும் இழுத்துக்கொண்டு, ஒருவழியாகத் தெருவாசலுக்கு வந்து, தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஒன்பது" என்றாள், மூச்சிரைக்க.

முன்னறையில் டங் டங்கென்று சத்தம். மாமனார் இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு!"

விசில் சத்தத்தில் பயந்துவிட்டார் என்று நினைத்தாள். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா பழக்கம் காட்டறோம்."

"எட்டு! எட்டு!" முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. கை மாடிப் பக்கம் நீண்டது.

பெரியவள் மறுபடி எண்ணினாள். எட்டுதான் இருந்தது. இடுப்பில் இருந்தவனை முதலில் ஒருதரம், கடைசியில் ஒருதரம் என்று இரண்டு தடவை எண்ணியிருந்தாள்.

குழந்தையைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு அவள் ஏறிய வேகத்தில் முழங்கால் சுவரில் மோதித் தோல் உரிந்தது. அது அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. கூடத்தில் யாரும் இல்லை. கழிப்பறையில் இல்லை. பால்கனிக் கதவு பூட்டியிருந்தது. "எலிக்குட்டி!" என்று கூப்பிட்டாள். இரண்டரை வயது, பேச்சு அதிகம் கிடையாது, நர்ஸ் ஒருத்தியின் மகள். "எலிக்குட்டி, அத்தை வந்திருக்கேன்டா!"



மேஜைக்கு அடியில், சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களுக்குப் பின்னால் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அழக்கூட இல்லை. பெரியவள் தொட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது.

வாரி எடுத்துக்கொண்டு திரும்பினால், கூடத்து வாசலில் அதிகாரியம்மா நின்றுகொண்டிருந்தார். முதலிலிருந்தே அவர் இறங்கவில்லை. அங்கேயே நின்று பார்த்திருக்கிறார்.

"உங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லலியா?" பெரியவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க." அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று சொல்லவில்லை.  "குழந்தைங்க பயந்தா ஓடாதும்மா. ஒளிஞ்சுக்கும். போன வருஷம் ஒரு இடத்துக்கு நான் தீயெல்லாம் அடங்கினப்புறம்தான் போனேன். அதுவும் மாடிதான். ரெண்டு பேர் அலமாரிக்குள்ள இருந்தாங்க. ரொம்ப நல்லா நடத்திட்டிருந்த இடம். நகக்கீறல்கூடப் பட்டதில்லன்னுதான் அவங்களும் சொன்னாங்க."

 ஃபைலைப் பிரித்து எதையோ தேடுவதுபோல் தேடினார்.

கீழே வந்ததும் அதிகாரியம்மா கட்டிலருகே போய் நின்றார். "எட்டுன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?"

அவர் பதிலுக்கு வாயைத் திறந்து, சொல் கிடைக்காமல் மூடினார். சின்னவள்தான் சொன்னாள். "தீயணைப்பு வண்டி ஓட்டினவருங்க. இருபத்தெட்டு வருஷம். டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாதாம். வெளிய வர்றவங்களை எண்ணிட்டே இருக்கணுமாம்."

அதிகாரியம்மா அவரைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். இரண்டு வாசலையும் பார்த்தார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

"பதினஞ்சு நாள் தர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல. இந்த அறை கிடைச்சா அனுமதி கிடைக்கும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேணும்." ஒரு படிவத்தை நீட்டினார். வீடு மாமனார் பெயரில் இருந்தது.

பெரியவள் அவரைத் தெருவாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கேட்கலாமா வேண்டாமா என்று தடுமாறி, கேட்டுவிட்டாள். "மேடம், நடக்க முடியாத பெரியவங்க மாடியில இருக்கலாமா? அதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

அதிகாரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நின்றார். "இல்லம்மா. அது உங்க வீடு. வீட்டுக்குள்ள யார் எங்க படுக்கணும்னு நாங்க சொல்ல முடியாது." இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தார். "சொல்ல முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஊட்டும்போது பெரியவள் ஒவ்வொரு வாய்க்கும் ஒருதரம் எண்ணினாள். குழந்தைகள் தூங்கியபிறகும் எண்ணினாள். காலை வரைக்கும் விதி போட்டவர்கள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. விதி சரி. மாமனார் கீழே இருப்பதும் சரி. இரண்டும் சரியென்றால் தப்பு எதுதான்? காப்பகத்தை மூடிவிடலாம் என்று அவள் முடிவெடுத்தது எலிக்குட்டியின் தலையணையை உதறிப் போட்டபோதுதான். எல்லோரிடமும் தானே சொல்லிவிட வேண்டும். முதலில் நர்ஸம்மாவிடம்.

நாலு மணிக்கு நர்ஸம்மா யூனிஃபாரத்தோடு ஓடி வந்தாள். "இன்னிக்கு சமர்த்தா இருந்தாளா அக்கா?"

"உன் பொண்ணை இன்னிக்கு மேலயே விட்டுட்டு எறங்கிட்டேன்மா." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. விசில், படி, பாய், காதைப் பொத்தியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். "நான் எண்ணினேன். தப்பா எண்ணிட்டேன்."

நர்ஸம்மா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட் அக்கா" என்றாள் நர்ஸம்மா. "ஆறே முக்காலுக்கே கொண்டாந்து விடலாமா?"

"நான் சொன்னது கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு." அவள் தெருவைப் பார்த்தாள். "வேற எங்கக்கா கொண்டுபோவேன்?"

மூடப் போகிறோம் என்பதைப் பெரியவள் சொல்லவே இல்லை. 

புருஷன் வந்தபோது ஆறரை. வழக்கம்போல் கை கால் கழுவிவிட்டு நேரே அப்பாவிடம் போனார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் பாட்டிலை எடுத்தபோது, அதன் கீழே மடித்து வைத்திருந்த தாள் வந்தது. பிரித்துப் படித்தார். சமையலறையில் இருந்த பெரியவளைக் கூப்பிட்டார்.

"இங்க வா."

படிவத்தின் அடியில், வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில், மையில் விழுந்த எறும்பு ஊர்ந்து போனதுபோல் ஒரு கையெழுத்து.

"யார் கையைப் பிடிச்சு எழுத வெச்சது? நீயா?"

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா."

"நான்தான் அத்தான் பேனா கொடுத்தேன்." சின்னவள் படியின் கடைசியில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "கையை நான் பிடிக்கல. அவரே போட்டார். மூணு தடவை பேனா விழுந்துது. மூணு தடவையும் எடுத்துக் கொடுத்தேன்."

"படுத்துக் கெடக்குற மனுஷன்கிட்ட... உனக்கு வெக்கமா இல்ல? யாரைக் கேட்டுப் பண்ணினே?"

"அவரைத்தான் கேட்டேன்."

சின்னவள் கட்டிலைக் காட்டினாள்.

"மூணு வாரமா எல்லாரும் அவரைப் பத்தியே பேசினோம். சமையல்கட்டுல நின்னுக்கிட்டு. அவர்கிட்ட ஒருத்தர்கூடக் கேக்கல. நானும்தான் கேக்கல, நானும் பேசினேன், இல்லேங்கல." சின்னவளின் கண்ணில் நீர் முட்டியது. "இன்னிக்கு அவர் கட்டிலை அடிச்சதைப் பாத்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அவர் இங்கதானே இருக்கார்? எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கார்? அதான் பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

புருஷன் அப்பாவைப் பார்த்தார். அப்பா மகனைப் பார்த்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதைவிடப் பேசாமல் இருப்பதில் பழக்கப்பட்டவர்கள். படிவத்தைக் கட்டில் மேலேயே போட்டுவிட்டு, போட்ட சட்டையோடு அவர் தெருவில் இறங்கினார். கேட் அடித்துக்கொண்டது.

சின்னவள் சத்தமில்லாமல் மாடிக்குப் போனாள்.

பெரியவள் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். இந்த மனிதரின் உடம்பில் அவளுக்குத் தெரியாத இடம் கிடையாது. எந்தத் தோளில் வலி, எந்தப் பக்கம் புண் வரும் எல்லாம் தெரியும். 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டது எப்போது என்று யோசித்தாள். வெந்நீர் வேண்டுமா, போர்வை வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

"மாமா, எங்களுக்காகவா கையெழுத்துப் போட்டீங்க?"

தலை இடமும் வலமும் அசைந்தது. "குழந்தை."

"மேல ஏறிட்டா இந்த ஜன்னல் இருக்காது. தெரு இருக்காது."

"தெரியும்."

"ஏதாவது ஒண்ணுன்னா உங்களைச் சட்டுனு எறக்க முடியாது மாமா. அந்தத் திருப்பத்துல கட்டில்கூடத் திரும்பாது. அது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் அவளையே பார்த்தார். இந்த ஊரிலேயே அது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? கேட்ட கேள்வியின் அபத்தம் அவளுக்கே உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயமா இருக்கா மாமா?"

இருபத்தெட்டு வருஷம் நெருப்பை நோக்கி வண்டி ஓட்டியவரிடம் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. சொல்லைத் தேடினார். கண்டுபிடித்தார்.

"இருக்கு."

பெரியவள் அழவில்லை. அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றார் மறுபடியும், அவளுக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது என்பதுபோல. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "தனியா... விடாதே."

"விடமாட்டேன் மாமா."

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். தெருவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு புருஷன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, கேட் திறந்த சத்தமே கேட்கவில்லை. உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்த படிவத்தை எடுத்தார். கிழித்துவிடுவாரோ என்று அவள் பதறி எழுந்தாள். அவர் அதை மடிப்புக் கலையாமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு டெப்போவுக்கு லீவு சொல்லிட்டேன்" என்றார். "அந்த அதிகாரியம்மா ஆபீஸ் எங்க இருக்கு?"

"எதுக்குங்க?"

"அப்பா போட்ட கையெழுத்து. நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்." அப்பாவின் தலையணை ஒரு பக்கம் சரிந்திருந்தது. குனிந்து அதை நிமிர்த்தி வைத்தார். மூன்று வருஷத்தில் அவர் அதைச் செய்து அவள் பார்த்ததில்லை.